வாங்கிய கணினியும் வாதாடும் மனமும்

தில்லியின் தென்பகுதியில் உள்ள ஆர்.கே.புரம், நடுவண் அரசு ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாகும். மலை மந்திர் எனப்படும் சுவாமிநாத சுவாமி கோயில் இங்கு அமைந்திருப்பதால், தில்லித் தமிழர் பலரும் இவ்விடத்தை நன்கு அறிவர். மாத ஊதியத்தை எண்ணிச் செலவிடும் இக்குடும்பங்களில் கணினி வாங்குவது எளிய செயல் அன்று. பல நாள் பேச்சுக்கும் ஒப்பீட்டுக்கும் பின்னரே அது நிகழும்.

ஏழாவது ஊதியக் குழுவிற்குப் பின் வந்த விதிகளின்படி, நடுவண் அரசு ஊழியர் ஒருவர் கணினி வாங்க 50,000 ரூபாய் அல்லது கணினியின் உண்மை விலை, இவற்றுள் எது குறைவோ அதனை முன்பணமாகப் பெறலாம். இத்தொகைக்கு வட்டி உண்டு. ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்தமும் உண்டு. எனவே, தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதன் சுமை பல மாதங்கள் தொடரும்.

காரணமும் தேவையும்

கணினி வாங்குவோர் பெரும்பாலும் கூறும் காரணம், “பிள்ளைகளின் படிப்புக்கு” என்பதாகும். 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையவழியே நடந்தபோது, கைப்பேசியின் சிறு திரையில் பாடம் படித்த மாணவர் பலர். ஆகவே இக்காரணம் பொய்யன்று. ஆயினும், கட்டுரை எழுதவும் பாடக் காணொளி பார்க்கவும் நடுத்தர விலைக் கணினியே போதும். விளையாட்டுகளுக்கென உருவாக்கப்பட்ட விலையுயர்ந்த கணினியை வாங்கிவிட்டு அதற்கும் படிப்பையே காரணம் காட்டும்போது, காரணம் வேறு, தேவை வேறு ஆகிவிடுகிறது.

ஒப்பிடும் முறை

ஆர்.கே.புரத்தார் கணினி வாங்க நாடும் புகழ்பெற்ற சந்தை நேரு பிளேஸ். மெட்ரோவில் கால்காஜி மந்திர் வரை சென்று, வழித்தடம் மாறினால் அடுத்த நிலையம் அதுவே. அங்கே கடைக்குக் கடை விலை மாறும். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதை அறியாமல் இரு விலைகளை ஒப்பிடுவது பிழையாகும். ரசீது இன்றி வாங்கினால் விலை குறையலாம். ஆனால் பழுது ஏற்படும் நாளில் உத்தரவாதம் கோரச் சான்று இராது.

பெரிய எண்களும் வாங்குவோரை மயக்குவதுண்டு. நினைவகம் எழுதும் மேசையைப் போன்றது. சேமிப்பகம் புத்தக அலமாரியைப் போன்றது. அலமாரி எவ்வளவு பெரியதாயினும், மேசை சிறிதானால் வேலை தடைப்படும். 1 டெராபைட் வன்தட்டும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட கணினியைவிட, 256 ஜிபி திடநிலைச் சேமிப்பகமும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட கணினி மாணவரின் அன்றாடப் பணிகளை விரைந்து முடிக்கும். திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதி இல்லாமையே இவ்விரைவுக்கு ஒரு காரணம்.

மேசைக்கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே மாற்றுவது எளிது. மடிக்கணினியோ, பணியிட மாற்றம் வரும்போது கையோடு எடுத்துச் செல்லத்தக்கது. எது சிறந்தது என்பதைக் கடைக்காரரைவிட அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறையே சரியாகச் சொல்லும்.

வாங்கிய பின்

வாங்கி முடித்ததும் ஒப்பீடு முடிந்துவிடுவதில்லை. 1956ஆம் ஆண்டில் ஜாக் பிரெம் என்னும் அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மகளிர் சிலரிடம் வீட்டு உபயோகப் பொருள்கள் சிலவற்றை மதிப்பிடச் சொல்லி, அவற்றுள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளச் செய்தார். பின்னர் மீண்டும் மதிப்பிட்டபோது, தேர்ந்த பொருளின் மதிப்பு உயர்ந்தது. விட்ட பொருளின் மதிப்பு தாழ்ந்தது. பொருள்கள் மாறவில்லை, மனமே மாறியது. இத்தகைய மன முரண்பாட்டை லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார்.

அண்டை வீட்டார் இருவர் தத்தம் கணினிகளைப் பற்றி வாதிடும்போதும் இதுவே நிகழ்கிறது. “கூடுதலாக ஐயாயிரம் கொடுத்தாலும் என்னுடையது நெடுநாள் உழைக்கும்” என்பார் ஒருவர். “அந்த ஐயாயிரம் என்னிடம் மிச்சம்” என்பார் மற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை. தத்தம் முடிவைக் காக்கின்றனர். ஆனால், அவர்கள் சொல்லைக் கேட்டு மூன்றாவது குடும்பம் முன்பணம் எடுத்தால், அந்த வாதத்தின் விலையை அக்குடும்பமே செலுத்த நேரும்.

எனவே, “உங்கள் கணினி நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதைவிட, “இரண்டு ஆண்டுகளில் எதைப் பழுது பார்த்தீர்கள்? எவ்வளவு செலவாயிற்று?” என்று கேட்பதே பயன் தரும். முதல் வினாவுக்குப் பெருமை விடையளிக்கும். இரண்டாவதற்கு அனுபவம் விடையளிக்கும். செயலில் இறங்குமுன் இழப்பையும் ஆக்கத்தையும் எண்ணுக என்பதற்காகவே வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். வாங்குமுன் தேவையைத் தாளில் எழுதி வைப்பதும், வாங்கிய பின் குறையை மறையாது பிறர்க்குச் சொல்வதும் அவ்வழியில் நடப்பதாகும்.