ஆட்டுக்குட்டியின் வயிற்றில் நாடாப்புழு!

ஆட்டுப் புழுக்கையில் வெள்ளை அரிசி போல ஒட்டியிருக்கிறதா? அது நாடாப்புழுவின் துண்டு! இந்தப் புழு 6 மீட்டர் நீளம்கூட வளரும்.

புல்லில் இருக்கும் மிகச் சிறிய உண்ணிகளைக் குட்டி புல்லோடு தின்கிறது. அவற்றின் உடம்பில் இருக்கும் புழுக்குஞ்சு, குடலில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தின்றாலும் குட்டி தேறாது. வயிறு மட்டும் உப்பும்.

புரசு விதை, வாய்விடங்கம், பூசணி விதை ஆகியவை இதற்கு நாட்டு மருந்துகள். கொட்டைப்பாக்கும் கொடுப்பது உண்டு. ஆனால், அளவு மிஞ்சினால் பாக்கு நஞ்சு!

மருந்து கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். புழுவின் தலை குடலில் தங்கினால் மறுபடியும் வளரும். புழுக்கையைக் கவனியுங்கள். இன்னும் துண்டுகள் வந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். குட்டியின் எடை பார்த்து மருந்து தருவார்.

குட்டி தேறினால்தானே குடும்பம் தேறும்!