நீலக் கோடுகளின் சாட்சியம்

வடசென்னையின் காலடிப்பேட்டைக்கு வடக்கே எண்ணூர் வரையிலான நிலத்தின் இயல்பை அறிய, இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களைப் பார்க்க வேண்டும். ஒரு மைல் நிலம் ஓர் அங்குலமாகச் சுருங்கிய வரைபடங்கள் அவை. 50 அடிக்கு ஒன்றாகச் சமஉயரக் கோடு போடும் அந்த முறையில், கடலோரத்தின் இந்தத் தாழ்நிலம் ஒரு கோட்டையும் எட்டுவதில்லை. மேடு பள்ளம் சொல்லும் வேலை பெரும்பாலும் நீல நிறத்தின் தலையில் விழுகிறது: கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், பழவேற்காடு நோக்கிப் போகும் உப்பங்கழி. கோடில்லாத இடத்தை வெற்று நிலம் என்று படித்ததுதான் இப்பகுதிக்கு நேர்ந்த பெரிய தீங்கு என்பேன். அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைகளும் வந்து இறங்கியது அந்த 'வெற்று' நிலத்தில்தான்.

முகத்துவாரம் இடம் மாறும், மணல் மூடும். பழைய தாள் இன்றைக்கு எதற்கு என்று கேட்கலாம். வாய் நகரலாம், சரிவு நகராது. பூண்டி ஏரியில் திறந்துவிடும் உபரிநீர் இன்றும் கொசஸ்தலை வழியே எண்ணூருக்குத்தான் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் பரவி மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. நீலக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த எண்ணெய் எங்கே போய்ச் சேரும் என்பதில் சந்தேகமே இருந்திருக்காது.

இன்னொரு மறுப்பு கனமானது. நில அளவை ஆட்சியின் தேவைக்காகத் தொடங்கியது. எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர்கள் முறைவைத்து வலைபோடும் பாடுகள் அதில் இல்லை. உண்மைதான். அதனால்தான் அந்தத் தாளின்மேல் மீனவர்கள் தங்கள் பாடுகளையும் ஆழங்களையும் குறிக்க வேண்டும் என்கிறேன். வரைபடத்தில் இல்லாத நீரைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணூர் பட்டு அறிந்தது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் கழிமுகத்தைக் காட்டியது. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த வேறொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் குற்றம்சாட்டினர். இத்தகைய வழக்கில் பழைய தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. எந்த ஆலைக்கும் அனுமதி தருவதற்கோ மறுப்பதற்கோ அது வரையப்படவில்லை. ஆகவே இங்கே புதிய கட்டுமானம் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அந்தத் தாளின் நகலை இணைப்பது கட்டாயமாக வேண்டும். அதில் நீலமாக இருந்த நிலம் எப்போது, யாருடைய உத்தரவால் நிறம் மாறியது என்பதை விண்ணப்பிப்பவரே விளக்க வேண்டும்.