மலைப்படி ஏற்றமும் உடலின் மறுமொழியும்

திருப்பதி நகருக்கு வடக்கே சேஷாசலக் குன்றுகள் சுவர்போல் எழுந்து நிற்கின்றன. அடிவாரத்திலுள்ள அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைவழியின் நீளம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அதிலுள்ள படிகள் சுமார் 3,550. சீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு வழியோ இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடியது; அதில் 2,388 படிகள் உள்ளன. சித்தூர், வேலூர்ப் பகுதி மக்களுக்கு இவ்வழிகள் பழக்கமானவை. உடல் கடுமையாக உழைக்கும்போது அதனுள் நிகழ்வனவற்றை அறிய இவற்றினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இந்நாளில் நகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் உயர்தீவிரப் பயிற்சி என்பது பரவியுள்ளது. குந்தி எழுதல், சுமை தூக்குதல், மேடை ஏறுதல் போன்ற இயல்பான அசைவுகளைக் குறைந்த ஓய்வுடன் விரைவாகச் செய்வதே அதன் முறை. குழந்தையைத் தோளில் சுமந்து விரைந்து படியேறுபவர் செய்வதும் அதே வேலைதான்.

வேலையின் அளவு

திருமலை கடல் மட்டத்திற்குமேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அலிபிரியிலிருந்து ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 650 மீட்டர் எனக் கொள்ளலாம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தம் உடலை அவ்வளவு உயரம் தூக்கச் செய்யும் வேலை சுமார் 90 கிலோகலோரியாகும். ஆனால் தசைகள் தாம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்ற வல்லவை. ஆகவே மொத்தச் செலவு 360 கிலோகலோரி. அதில் 270 வெப்பமாக வெளிப்படுகிறது. இச்சக்தியைப் பெற உடல் 70 லிட்டருக்குச் சற்று அதிகமான பிராணவாயுவைப் பயன்படுத்த வேண்டும்.

ஓய்வாக அமர்ந்திருப்பவர் நிமிடத்திற்குச் சுமார் கால் லிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்துகிறார். மலையை மூன்று மணி நேரத்தில் ஏறினால், ஏற்றத்திற்கென நிமிடத்திற்கு 0.4 லிட்டர் மட்டுமே கூடுதலாகத் தேவை. ஒரு மணி நேரத்தில் ஏறினால் அது 1.2 லிட்டராக உயர்கிறது. மலை ஒன்றே, வேலையின் அளவும் ஒன்றே. உடலைச் சோதிப்பது உயரமன்று, வேகமே.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் நலம். மலைமேல் காற்று மெல்லியதாக இருப்பதால் மூச்சு வாங்குகிறது என்பர் சிலர். 850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே குறைகிறது. உடல்நலமுள்ளவரின் இரத்தம் பிராணவாயுவை ஏற்பதில் இதனால் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படுவதில்லை. மூச்சு வாங்குவது உழைப்பினால்தான்.

சக்தி பிறக்கும் வழிகள்

தசைக்கு மூன்று வழிகளில் சக்தி கிடைக்கிறது. முதலாவது, தசையிலேயே சேமிக்கப்பட்டுள்ள பாஸ்பேட்டுச் சேர்மங்கள். கடும் உழைப்பில் இவை பத்து விநாடியளவே தாங்கும். இரண்டாவது, கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு பிராணவாயுவின் உதவியின்றிச் சிதைதல். இதில் லாக்டிக் அமிலம் உண்டாகிறது. மூன்றாவது, சர்க்கரையும் கொழுப்பும் பிராணவாயுவுடன் சேர்ந்து எரிதல். நெடுநேர உழைப்பிற்கு இதுவே ஆதாரம். தசை வெப்பம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான ஏ. வி. ஹில் இத்துறைக்கு அடித்தளமிட்டார். லாக்டிக் அமிலம் வெறும் கழிவு என்று முன்னர் எண்ணினர். இருதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன என்பது இன்று தெளிவாகியுள்ளது.

உடலிலுள்ள கிளைக்கோஜன் மொத்தம் ஏறக்குறைய அரைக் கிலோகிராமே. சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் நடந்து அலிபிரியை அடைந்தவரிடம் அச்சேமிப்புப் பெரிதும் குறைந்திருக்கும். உணவும் ஓர் இரவு ஓய்வும் பெற்றபின் மலையேறுவதே அவருக்கு ஏற்றது.

இருதயமும் வியர்வையும்

ஓய்வில் இருதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. கடும் உழைப்பில் இது 20 லிட்டர்வரை உயரக்கூடும். அதன் பெரும்பகுதி தசைகளுக்கே செல்கிறது. நாடித்துடிப்பு 70இலிருந்து 150க்கு மேலும் ஏறலாம். விரைந்து ஏறியவர் திடீரென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து, மயக்கம் வரலாம். ஆகவே சிறிது தூரம் மெல்ல நடந்தபின் அமர்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய 270 கிலோகலோரி வெப்பம் வெளியேறாவிடில் உடலின் வெப்பநிலை 5 பாகைக்கு மேல் உயர்ந்துவிடும்; அது உயிருக்கே ஆபத்து. அரை லிட்டர் வியர்வை ஆவியானால் அவ்வெப்பம் முழுவதும் நீங்கும். ஆனால் ஈரப்பதம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. எனவே அதிகாலையில் ஏறுவதும் அவ்வப்போது நீர் பருகுவதும் அறிவுடைமையாகும்.

மறுநாள் வலி

மலையேறிய ஓரிரு நாட்களில் தொடையிலும் கெண்டைக்காலிலும் தோன்றும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணமன்று. அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அகன்றுவிடும். தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் இச்சிதைவு மிகுதி. இவ்வலி சில நாட்களில் தானே தணியும். ஆனால் வலி மிகக் கடுமையாகிச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், சிதைந்த தசைப்பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பயிற்சியின் பயன்

சில வாரங்கள் தொடர்ந்து படியேறிப் பழகினால் இரத்தத்தின் கொள்ளளவு கூடுகிறது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைச் செலுத்துகிறது. தசையில் நுண்குழல்கள் பெருகுகின்றன. முன்பு 150 துடிப்பில் செய்த வேலையை உடல் குறைந்த துடிப்பிலேயே முடிக்கிறது. ஆசிரியர்கள் இதைப் பள்ளி மாடிப்படியிலேயே காட்டலாம். உடல்நலமுள்ள மாணவர்களை இயல்பான வேகத்தில் மூன்று நிமிடம் ஏறி இறங்கச் செய்து, முன்னும் பின்னும் நாடியை எண்ணச் சொல்லலாம். சில வாரப் பயிற்சிக்குப் பின் மீண்டும் எண்ணினால் வேறுபாடு புலப்படும்.

கவனத்திற்குரியவை

அலிபிரி வழியில் ஏற்றத்தின் பெரும்பகுதி காலி கோபுரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. களைப்பற்ற கால்கள் விரைய விரும்பும் இடமும் அதுவே. குழுவை அழைத்துச் செல்வோர் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய இடமும் அதுவே. ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் அளவானது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ள வேண்டும். குழுவின் வேகம் அதன் மிக மெலிந்தவரின் வேகமாக இருத்தல் வேண்டும்.

அறுபது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இருதய நோய் முதலியன உடையோரும் நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2024இல் அறிவுறுத்தியது. மார்பில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, பேச்சில் குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஏற்றத்தை நிறுத்தி மருத்துவ உதவி நாடுதல் வேண்டும். இத்தகையோர் பேருந்தில் செல்வதைக் குறைவாகக் கருதலாகாது என்பதையும் களப்பணியாளர்கள் மக்களிடம் எடுத்துரைத்தல் நலம்.