"நலமாயிருக்கிறேன், சாமி!"

ஆம்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் நம் பங்குச் சகோதரி ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற தவக்காலத்தில் சென்றிருந்தோம். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர் அவர். ஐந்து ஆண்டுகளாக இரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை உண்டு வருகிறார். "எப்படியம்மா இருக்கிறாய்?" என்று வினவினோம். "நலமாயிருக்கிறேன், சாமி" என்றார். அவர் காப்பி கொண்டுவர உள்ளே சென்றதும், மாமியார் குரலைத் தாழ்த்தி, "நோயெல்லாம் எப்போதோ போய்விட்டது சாமி, இப்போது இருப்பது சோம்பல்தான்" என்றார்.

விடைபெறும் வேளையில் வாயில்வரை வந்த அச்சகோதரி, கண்கலங்க ஓர் உண்மையைக் கூறினார். இரண்டு மாதங்களாக மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாளே உண்கிறாராம். உண்டால் குமட்டுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, அன்றைய வேலைக் கணக்கு குறைந்துவிடுகிறது. இதனை அவர் மருத்துவரிடமும் சொல்லவில்லை. 'நலம்' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை துன்பம் மறைந்து கிடந்தது!

இரத்தப் புற்றுநோய் என்றதும், சில வாரங்களில் உயிரைக் கவரும் கொடிய நோயே நம் நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் உடனிருந்து மெல்ல வாட்டும் வகைகளும் உண்டு. நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா அவற்றுள் ஒன்று. 1960 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் அறிஞர் இருவர், இந்நோயாளரின் அணுக்களில் வழக்கத்திற்கு மாறான சிறு குரோமோசோம் ஒன்றைக் கண்டறிந்தனர். அதனால் விளையும் கேட்டைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001 இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குக் காப்புரிமை மறுத்தமையால், இந்திய நிறுவனங்கள் அதனைக் குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க வழி நிலைத்தது. இன்று முறையாக மருந்துண்டு பயன் பெறுவோர் ஏறத்தாழ ஏனையோரைப் போன்றே நெடுங்காலம் வாழ்கின்றனர். இது தொற்றுநோயன்று, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதுமன்று.

1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சை நிலையமே பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது. 1986 இலேயே அங்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. நாட்டின் நாற்புறமிருந்தும் நோயாளர் அங்கு வருகின்றனர். அத்தகைய மருத்துவம் அருகிலேயே இருந்தும், நம் மக்கள் வாய் திறவாதிருப்பின் பயன் என்ன?

உயிர் நீடிப்பது வேறு. நலமாக வாழ்வது வேறு. இமாட்டினிப் உண்போர் சிலருக்குக் கண்ணிமை வீங்கும், தசை இழுக்கும், தோலின் நிறம் வெளிறும். சிவப்பணுக்கள் மிகுந்துவிடும் பாலிசைத்தீமியா வெரா என்னும் நோயில், குளித்தெழுந்ததும் உடலெங்கும் தாங்கொணா அரிப்பு எடுப்பதுண்டு. மஜ்ஜை நாராக இறுகும் மைலோஃபைப்ரோசிஸ் நோயில் மண்ணீரல் பருத்து இரைப்பையை அழுத்துவதால், நாலு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். இரவில் வியர்வை படுக்கையை நனைக்கும். இவை யாவற்றிலும் மேலானது களைப்பு. அது உறங்கி எழுந்தால் தீரும் களைப்பன்று. வெளியே தெரியாத இதனைத்தான் நாம் சோம்பல் என்று பழிக்கிறோம்!

மருத்துவ உலகம் இதனை உணர்ந்துள்ளது. மேற்சொன்ன இறுதி இருவகை நோய்களுக்கும் அவற்றையொத்தவற்றிற்குமென 2012 இல் வெளியான வினாப் பட்டியல் ஒன்று, களைப்பு, அரிப்பு, எலும்பு வலி, வியர்வை முதலிய பத்துத் துன்பங்களுக்கும் சுழியம் முதல் பத்து வரை நோயாளியே மதிப்பெண் இடச் செய்கிறது. இரத்தப் பரிசோதனை கூறாததை நோயாளியின் வாய்தான் கூறவேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். கூட்டத்தில் எவரும் அவள் வேதனையை அறியார். மரணப்படுக்கையில் கிடந்த சிறுமியின் வீட்டிற்கு விரைந்துகொண்டிருந்த இயேசு பெருமான், அவளுக்காக நின்றார். அவள் தன் கதை முழுவதையும் கூறும்வரை செவிமடுத்தார். குணமளித்தது மட்டுமன்று, கேட்டதும் அவரது இரக்கமே.

குடும்பத்தாரே, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். "இரவு உறங்கினாயா? எவ்வளவு உண்டாய்? எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். நோயுற்றோரே, துன்பங்களைத் தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இமாட்டினிப்பை உணவுடன், ஒரு பெரிய குவளை நீருடன் உண்டால் குமட்டல் குறையும். தாங்க இயலாவிடில் அளவை மாற்றவும் வேறு மருந்து தரவும் மருத்துவரால் இயலும். தாமாக நிறுத்துவதோ, அடங்கிய நோயை மீண்டும் எழுப்பிவிடக்கூடும்.

இன்னுமொன்று. குருவானவரை அழைத்தால் சாவு நெருங்கிவிட்டது என்று அஞ்சுவோர் இன்றும் உளர். 'அவஸ்தைப் பூசுதல்' என்று நம் முன்னோர் வழங்கிய அருட்சாதனம் சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று எனத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் தெளிவுறுத்தியது. 1972 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்கைப் புதுப்பித்தார். கடும் நோயைச் சுமப்போர் அதனைப் பெறலாம். நோய் முற்றும்போது மீண்டும் பெறலாம். அழையுங்கள், வருகிறோம்.

அச்சகோதரியின் இசைவுடன் மாமியாரிடம் பேசினோம். அடுத்த முறை மருத்துவமனைக்கு அவரே மருமகளுடன் சென்று, மருத்துவர் கூறியதைத் தம் காதால் கேட்டார். அண்மையில் மீண்டும் நலம் வினவினோம். "நேற்றிரவு கால் இழுத்தது, சாமி. அத்தைதான் தேய்த்துவிட்டார்கள். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை" என்றார்.