சுண்ணாம்பு நாட்டில் ஒரு சைக்கிள் யாத்திரை

சைக்கிளில் தூரப் பிரயாணம் செய்வது மோட்டாருக்கு வழியில்லாதவர்களின் காரியம் என்றே நம்மில் பலரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். மேல்நாடுகளிலோ அது செல்வர்களின் வினோதமாகி விட்டது. அதிலும், தார் போட்ட ராஜபாட்டையை விட்டு விலகிச் சரளைத் தடத்திலும் வண்டிப் பாதையிலும் வாய்க்கால் கரையிலும் போவதற்கென்றே, அகன்ற டயர் போட்ட தனி ஜாதிச் சைக்கிள் ஒன்று தோன்றியிருக்கிறது. அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்துச் சரளை ரோடுகளில் 2006-ம் வருஷம் தொடங்கிய பந்தயம் ஒன்று இந்த மோகத்தைப் பரப்பியதில் பெரும் பங்கு கொண்டது. இங்கிலாந்தில் இத்தகைய யாத்திரைக்குப் பேர் போன இடம் தென்பகுதியிலுள்ள வெண்சுண்ணாம்புக் குன்றுகள். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை நூறு மைல் நீளத்துக்கு அக்குன்றுகளின் முதுகின் மேலேயே ஒரு பாதை செல்கிறது. ரெடிங்கையும் பிரிஸ்டலையும் இணைத்து 1810-ல் கட்டி முடித்த கால்வாயின் கரையில், முன்னாளில் படகிழுத்த குதிரைகள் நடந்த தடத்தில், இன்று சைக்கிள்கள் போகின்றன.

இத்தனையும் சொன்னது நேயர்களைக் கப்பலேற்றுவதற்காக அல்ல. அந்தக் குன்றுகள் எந்தக் காலத்தில் கடலடியில் படிந்தனவோ, அதே காலத்தில் படிந்த நிலம் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் கிடக்கிறது. அதன் ஓரத்தில் வாய்க்காலும் ஓடுகிறது. போய்ப் பார்க்கிறவர்கள்தான் இல்லை!

யாத்திரையை வாலிகண்டபுரத்தில் தொடங்குவதே நலம். வாலி பூஜித்ததாக ஐதீகமுள்ள வாலீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற ஸ்தலம் இது. பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியான ஷேர்கான் லோடி இங்கிருந்து ஆண்டான்; 1677-ல் சிவாஜி மகாராஜாவிடம் தோற்று ஒழிந்தான். 1751-ல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு புறம், முகம்மதலியும் ஆங்கிலேயரும் மறு புறமாக இவ்வூர் அருகே மோதினார்கள். ஆங்கிலப் படை முறிந்து, ஊட்டத்தூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் திருச்சினாப்பள்ளிக்குள் போய்ப் புகுந்து கொண்டது. பிற்காலத்தில் பெயர் பெற்ற கிளைவும் அந்தப் படையோடு இருந்தவர்தாம். நமது யாத்திரையும் ஏறக்குறைய அதே திசையில்தான் செல்கிறது. நமக்கு அவசரம் ஒன்றுமில்லை. சற்று வடக்கே போய் ரஞ்சன்குடிக் கோட்டையின் அகழியையும் கொத்தளங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டே புறப்படலாம்.

வாலிகண்டபுரத்தைச் சுற்றிலும் காணும் பாறை மிகப் பழமையான கருங்கல் இனத்தைச் சேர்ந்தது. பெரம்பலூரைத் தாண்டித் தெற்கே சென்று, பெருஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் பூமியின் சுபாவம் மாறிவிடுகிறது. ஒரு காலத்தில் கடல் இதுவரை வந்திருந்தது. சுமார் பதினொரு கோடி வருஷங்களுக்கு முன் வந்த கடல், வந்தும் பின்வாங்கியுமாக, ஏறக்குறைய ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன்வரை இங்கே படிவுகளை இட்டுச் சென்றது. மேற்கே ஊட்டத்தூர்ப் பக்கத்துப் படிவுகள் மூத்தவை. கிழக்கே அரியலூர்ப் பக்கத்தவை இளையவை. ஆகையால் கிழக்கு நோக்கிச் சைக்கிள் மிதிக்கிறவன், மைலுக்கு மைல் லக்ஷக் கணக்கான வருஷங்களை முன்னோக்கிக் கடக்கிறான். ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர்களுக்கு இந்த மாறுதல் தெரியாது. மண் கறுப்பாகி, மஞ்சளாகி, செம்மையாகி, மறுபடி வெளுப்பதைச் சக்கரத்தின் அடியிலேயே கண்டு கொண்டு போகச் சைக்கிளின் வேகந்தான் சரியானது.

இந்தக் காலத்திற்கு லத்தீன் மொழியில் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கிரிடேஷஸ்' என்று 1822-ல் பெயர் வைத்தார் பெல்ஜிய அறிஞர் ஒருவர். சீமையிலுள்ளது போன்ற மிருதுவான வெண்சுண்ணாம்புப் பாறை நம்மிடம் இல்லை. களியும் மணலும் கடினமான சுண்ணாம்புக் கல்லுமே உண்டு. ஆனால் படிவங்களில் நாம் எவருக்கும் சளைத்தவர்கள் அல்ல. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கில உத்தியோகஸ்தர்கள் சேகரித்தனுப்பிய சிப்பிகளும் சங்குகளும் லண்டன் பண்டிதர்களைத் திகைக்க வைத்தன. 1862-ல் பிளான்ஃபோர்டு இப்பிரதேசத்தின் பூகர்ப்ப வரலாற்றை எழுதினார். மொரேவியா தேசத்து ஸ்டோலிஸ்கா படிவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வர்ணித்தார். 1874-ல் மத்திய ஆசியப் பிரயாணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் மாண்டு போனார்.

சாத்தனூரில் பார்க்க வேண்டியது ஒரு மரம். 60 அடி நீளமுள்ள அடிமரம், ஓடைக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது. கடலோரச் சேற்றில் புதையுண்டு, மரச்சத்து சிறிது சிறிதாகக் கரைய, அந்த இடத்தில் மணற்சத்து ஏறிக் கல்லாகி விட்டது. 1940-ல் இதை உலகுக்கு அறிவித்தவர் இந்திய பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், நம்மவர். மரத்தைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாத்து வருகிறார்கள்.

தென்மேற்கே காரை என்ற கிராமத்தின் வெளிநிலம் இதைவிட விசித்திரமானது. மழைநீர் அரித்து அரித்து, செம்மஞ்சள் நிறமான மேடுகளும் மடுவுகளுமாய் ஒரு பாலைவனம் போலக் காட்சி தருகிறது. ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணைப் பறிக்கின்றன. வைஷ்ணவ வீடுகளில் பூஜையிலிருக்கும் சாளக்கிராமத்தினுள்ளே சக்கரம் போல் சுருண்டிருப்பது எதுவோ, அந்த 'அம்மோனைட்' இனத்தைச் சேர்ந்த பிராணிகள் இந்தக் களிமண்ணிலும் அகப்படும். அகப்பட்டாலும் எடுத்து வரலாகாது. ஆளுக்கு ஒன்று பையில் போட்டுக் கொண்டு வந்தால் பத்து வருஷத்தில் காரை வெறும் மண்மேடுதான். வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்தில் வேண்டுமட்டும் பார்க்கலாம். (2020-ல் குன்னத்தில் ஏரி வெட்டியபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோஸர் முட்டைகள் என்று ஊரெல்லாம் பேசிற்று, நிபுணர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் படிவம் அடங்கிய உருண்டைகள் என்றார்கள். ஜனங்களுக்குச் சற்று ஏமாற்றந்தான்!)

காரையிலிருந்து கருடமங்கலம் செல்லும் தடங்களில் ஒரு எச்சரிக்கை. கரிசல் மண் மழையில் நனைந்தால், சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக் கொண்டு வண்டியை நகர விடாது. சைக்கிளைத் தோளில் சுமக்க நேரிடும். கோடையிலோ சீமைக் கருவேல முள்ளுக்கு எந்த டயரும் தப்பாது. பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் புறப்படக் கூடாது. மார்கழி, தை மாதங்களே உத்தமம். லக்ஷ ரூபாய்ச் சைக்கிள் வேண்டியதில்லை. நம் அரசாங்கம் 2001-க்குப் பிறகு பள்ளி மாணவிகளுக்கும், பின்னர் மாணவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்து வரும் சைக்கிளே, சற்று மெதுவாகப் போனால், இந்தப் பாதைக்குப் போதும்.

கருடமங்கலத்தில் சங்கும் சிப்பியும் செறிந்த சுண்ணாம்புக் கல் உண்டு. மெருகேற்றினால் பளிங்கு போலாகும். 'திருச்சினாப்பள்ளிச் சலவைக்கல்' என்று ஒரு காலத்தில் பிரசித்தி பெற்றிருந்தது. இங்கிருந்து கல்லக்குடிப் பக்கம் நெருங்க நெருங்க வேறொரு காட்சி தொடங்குகிறது. 1939-ல் டால்மியா சிமெண்டு ஆலை வந்தது. பிறகு அரியலூரைச் சுற்றிலும் ஆலை மேல் ஆலையாக எழுந்தன. தேசத்தில் வீடும் பாலமும் அணையும் கட்டச் சிமெண்டு வேண்டாமா? வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கல்லெடுத்த பள்ளங்கள் நூறடி ஆழத்திற்குப் பச்சைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றின் விளிம்பில் வண்டிப்பாதை திடீரென்று அறுந்து போகிறது. பாட்டனார் மாடு ஓட்டிச் சென்ற தடம் பேரனுக்கு இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளால் நேர்ந்த விபத்துக்களும், அதனால் எழுந்த சாலை மறியல்களும் பத்திரிகை படிப்போர் அறிந்தவையே. ரோட்டில் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, லாரி வராத பழைய வண்டிப்பாதைதான் உயிர்ப் பாதுகாப்பு. எஞ்சியிருக்கும் பாதைகளையாவது அளந்து, கல் நட்டு, ஊர்ப்பெயரும் தூரமும் எழுதி வைத்துச் சைக்கிளுக்கென்று ஒதுக்கினால் சர்க்காருக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பள்ளம் வெட்டுவதற்கு முன்னால் அது நடக்க வேண்டும்.

புள்ளம்பாடியை அடைந்ததும் பூமி குளிர்கிறது. காமராஜர் முதல் மந்திரியாயிருந்த காலத்தில் வெட்டிய புள்ளம்பாடி வாய்க்கால், வாத்தலை அருகே காவிரியில் பிரிந்து, வறண்ட மேட்டு நிலத்தின் ஓரமாகவே கிழக்கே வருகிறது. அதனால் 22 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். கரையின் ஒரு பக்கம் கரம்பு, மறு பக்கம் நெல் வயல். இரண்டுக்கும் நடுவே சைக்கிள் செல்லும் இன்பத்திற்கு இங்கிலாந்துக் கால்வாயும் ஈடாகாது என்பது நம் அபிப்பிராயம். மேட்டூர்த் தண்ணீர் இவ்வழியே வந்து கரைவெட்டி ஏரியை நிரப்புகிறது. 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஸ்தலங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்களைக் காண விரும்புவோர், தை மாதத்தில், வெயில் தாழ்வதற்கு முன்பே ஏரிக்கரையை அடைந்துவிட வேண்டும்.

அங்கிருந்து தெற்கே போனால் கொள்ளிடம். சுந்தரர் பாடிய திருமழபாடி வடகரையில் இருக்கிறது. ஊர் திரும்ப அவசரப்படாதவர்கள், இரவு தங்கி, காலையில் திருமானூர்ப் பாலத்தின் வழியே அக்கரை சேரலாம். திருவையாறு அதிக தூரமில்லை.