இலவச வீ.பீ.என்.: விலை கொடுப்பது யார்?

நமது நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது, வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கும் வர்த்தகர்கள் பலர் நாடியது வீ.பீ.என். செயலிகளைத்தான். அவசரத்துக்கு எடுத்த அந்தச் செயலி இன்னும் உங்கள் தொலைபேசியில் இருந்தால், அதைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

வீ.பீ.என். ஒரு முகவரைப் போன்றது. உங்கள் தொலைபேசியிலிருந்து வெளியேறும் தகவல்கள் யாவும் பூட்டிய பெட்டியாக முதலில் அந்தக் கம்பனியின் கணினிக்குச் செல்கின்றன. அங்கிருந்தே உரிய இணையத்தளத்துக்குப் போகின்றன. இதனால் தடைகளைத் தாண்டலாம். ஹோட்டல், விமான நிலையம் போன்ற இடங்களின் பொது வைஃபையில் பிறர் வேவு பார்ப்பதையும் தடுக்கலாம். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கும் தெரியாது.

ஆனால் அது முகவருக்குத் தெரியும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வங்கித் தளங்களில் கடவுச்சொல் முதலியன ஏற்கனவே பூட்டப்பட்டே செல்வதால் முகவரால் அவற்றை வாசிக்க முடியாது. எனினும் எந்த வங்கி, எந்த விநியோகத்தர், எத்தனை மணிக்கு என்ற விபரம் அவர் கையில் சேர்கிறது.

ஒனாவோ புரொடெக்ட் என்ற இலவச வீ.பீ.என். இதற்கு நல்ல உதாரணம். அதன் கம்பனியை பேஸ்புக் 2013இல் வாங்கியது. பாதுகாப்பு என்று விளம்பரம் செய்துகொண்டே, பாவனையாளர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலைத் திரட்டியது. போட்டியாளர்களின் வளர்ச்சியை பேஸ்புக் கணித்தது இதை வைத்துத்தான். 2018இல் அப்பிள் தனது தளத்திலிருந்து அதை அகற்ற வைத்தது. 2019இல் சேவை மூடப்பட்டது. 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் பேஸ்புக்கின் இரு துணைக் கம்பனிகளுக்கு மொத்தம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

இது ஒரு கம்பனியின் கதை மட்டுமல்ல. 2016இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் 283 அன்ட்ரொயிட் வீ.பீ.என். செயலிகளைப் பரிசோதித்தனர். நூற்றுக்கு 38 வீதமானவற்றில் தீங்கு செய்யும் நிரல்களின் அடையாளம் காணப்பட்டது. 18 வீதமானவை தகவல்களைப் பூட்டவே இல்லை.

நேர்மையான சேவைகளும் உள்ளன. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸார் முல்வாட் என்ற வீ.பீ.என். கம்பனியைச் சோதனையிடச் சென்றனர். பாவனையாளர் பதிவுகளை அக்கம்பனி வைத்திருக்காததால் வெறுங்கையுடன் திரும்பினர். அது மாதக் கட்டணம் அறவிடும் கம்பனி என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே, வீ.பீ.என். தேவையானால் கட்டணம் பெறும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அதன் உரிமையாளர் யார், பதிவுகளை வைத்திருக்கிறதா, வெளியார் கணக்காய்வு நடந்துள்ளதா என்று பாருங்கள். தேவை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். போலி மின்னஞ்சலையும் மோசடி இணைப்புகளையும் எந்த வீ.பீ.என்.னும் தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். கடைக்கு ஒரு கணக்குப்பிள்ளையை அமர்த்தும்போது எவ்வளவு விசாரிப்பீர்களோ, அவ்வளவு விசாரணை இதற்கும் வேண்டும்.