அக்காவின் 4.05 எப்படி 3.50 ஆனது? புள்ளியியல் கணக்குக்கு இலவச சாப்ட்வேர்

உங்கள் வீட்டில் எம்.எட்., எம்.காம்., எம்.பி.ஏ. என்று யாராவது படிக்கிறார்களா? அப்படியானால் 'ப்ராஜெக்ட்' என்ற சொல்லை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். கேள்வித்தாள் தயாரிப்பார்கள். நூறு பேரிடம் கொடுத்துப் பூர்த்தி செய்து வாங்குவார்கள். பிறகு அந்தக் கட்டை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து, "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். ஒரு வாரத்தில் பளபளவென்று அட்டவணைகள் வந்துவிடும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

என் அக்காவும் அப்படித்தான் செய்தார். அவருடைய எம்.எட். ஆய்வு, பள்ளி ஆசிரியர்களின் பணி நிறைவு பற்றியது. 120 ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தர வேண்டும். 1 என்றால் 'முற்றிலும் மறுக்கிறேன்', 5 என்றால் 'முழுமையாக ஏற்கிறேன்'. அட்டவணைகளைப் பார்த்த கைடு, ஒரு கேள்வியின் மேல் விரலை வைத்தாராம். 'தலைமை ஆசிரியர் என் வேலையை மதிக்கிறார்' என்ற கேள்வி அது. சராசரி 4.05.

"இது எப்படிம்மா வந்தது?"

அக்காவிடம் பதில் இல்லை. அன்றிரவு சென்னையில் இருந்த எனக்கு போன் வந்தது. "தம்பி, அவங்க ஒரு பைல் கொடுத்திருக்காங்கடா. என் லேப்டாப்ல அது திறக்கவே மாட்டேங்குது."

பைல் அக்காவுடையது. 120 ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, பதில் வாங்கியதும் அவர்தான். ஆனால் தன் பைலைத் தானே திறந்து பார்க்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிக்கலைத் தீர்த்த கதைதான். உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் திறக்கவில்லை?

அது எஸ்.ஏ.வி. என்ற துணைப் பெயர் கொண்ட பைல். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் சாப்ட்வேரில் உருவாக்கப்பட்டது. 1968-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்த சாப்ட்வேரை 2009-இல் ஐ.பி.எம். நிறுவனம் வாங்கியது. நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒரே ஒரு ப்ராஜெக்ட் செய்யும் மாணவருக்கு அது கட்டுப்படியாகாது.

"என் தோழி ஒருத்தி கிராக் வெர்ஷன் பென் டிரைவ்ல தர்றேன்னு சொல்றா" என்றார் அக்கா. வேண்டவே வேண்டாம் என்றேன். அது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். கிராக் பைல்களோடு வைரஸும் சேர்ந்து வரும் என்பது மறுபுறம். கல்லூரி நாட்களில் அப்படி ஒரு பென் டிரைவைச் செருகி, என் பைனல் இயர் ப்ராஜெக்டையே ஒருமுறை இழந்தவன் நான்.

மாற்று வழி உண்டு. அதன் பெயர் பி.எஸ்.பி.பி. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸுக்கு மாற்றாக, குனு திட்டத்தின் கீழ் உருவான சாப்ட்வேர். எஸ்.ஏ.வி. பைல்களை நேரடியாகத் திறக்கும். பணம் கட்ட வேண்டாம். இத்தனை நாள்தான் வேலை செய்யும் என்ற கெடுவும் இல்லை.

ஓப்பன் சோர்ஸ் என்றால்?

இலவசம் என்பது மட்டும் அல்ல. ஒரு சாப்ட்வேரை எழுதப் பயன்பட்ட மூல நிரலையே (சோர்ஸ் கோட்) எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு தருவதுதான் ஓப்பன் சோர்ஸ். ஓட்டலில் சாப்பாடு போடுவதோடு சமையலறைக் கதவையும் திறந்து வைப்பது போல. நாம் எல்லோரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் போய்ப் பார்க்க முடியும் என்பதே நமக்கு ஒரு பாதுகாப்பு.

பி.எஸ்.பி.பி.யை நிறுவுவது எப்படி?

கூகுளில் 'குனு பி.எஸ்.பி.பி.' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். குனு தளத்தில் உள்ள அதன் பக்கத்தில், விண்டோஸுக்கான டவுன்லோட் இணைப்பு இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் உபுண்டு போன்றவற்றின் சாப்ட்வேர் பட்டியலிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம். வேறு கண்ட கண்ட தளங்களிலிருந்து எடுக்காதீர்கள்.

திறந்ததும் எக்செல் போலக் கட்டங்கள் தெரியும். கீழே இரண்டு டேப்கள் உண்டு. 'டேட்டா வியூ' என்பதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு நபர், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு கேள்வி. 'வேரியபிள் வியூ' என்பதில் ஒவ்வொரு கேள்வியைப் பற்றிய விவரம் இருக்கும். இந்த இரண்டாவது டேப்பைப் பலர் திறப்பதே இல்லை. அக்காவின் சிக்கல் அங்கேதான் ஒளிந்திருந்தது.

தவறு எங்கே?

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். அக்காவின் பைல் பி.எஸ்.பி.பி.யில் உடனே திறந்தது. 'அனலைஸ்' மெனுவில் 'டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', அதில் 'ப்ரீக்வென்சீஸ்'. டயலாக் பாக்ஸில் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்து ஓ.கே. கொடுக்கச் சொன்னேன். மவுஸ் அக்கா கையில்தான் இருந்தது.

சராசரி 4.05 என்றே வந்தது. சென்டர்காரர் கணக்கை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்தது. மேக்ஸிமம்: 9.

"5க்கு மேல மார்க்கே கிடையாதேடா?" என்றார் அக்கா.

அட்டவணையைப் பார்த்தோம். 12 பேருக்கு 9 என்று பதிவாகியிருந்தது. கேள்வித்தாள் கட்டை எடுத்து அந்த 12-ஐயும் தேடினோம். பன்னிரண்டிலும் அந்தக் கேள்விக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. காலியாக விட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பதில் இல்லாத இடத்தில் 9 அல்லது 99 என்று ஒரு குறியீடு போடுவது புள்ளியியலில் பழைய வழக்கம். அதில் தவறு இல்லை. ஆனால் '9 என்றால் பதில் இல்லை' என்று சாப்ட்வேரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதை மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்ளும். கணக்கைப் பாருங்கள்.

பதில் சொன்ன 108 பேரின் மொத்த மதிப்பெண் 378. சராசரி 378 ÷ 108 = 3.50.

காலியாக விட்ட 12 பேருக்குத் தலா 9 என்று 108 சேர்ந்தது. மொத்தம் 486. அதை 120-ஆல் வகுத்தால் 4.05.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தலைமை ஆசிரியரைப் பத்தின கேள்விடா இது. பயந்துக்கிட்டுதான் சிலர் எழுதாம விட்டிருப்பாங்க. அவங்களையே ரொம்ப திருப்தியா இருக்கிறதா காட்டிட்டோமே."

எந்த ஆசிரியரும் தராத, தரவும் முடியாத 9 மதிப்பெண்ணை, வாய் திறக்காத 12 பேர் தந்ததாக ஆகியிருந்தது. அதன் பேரில் 'மிக அதிக நிறைவு' என்று ஒரு முடிவும் அச்சாகியிருந்தது.

சரிசெய்வது எப்படி?

வேரியபிள் வியூ டேப்புக்குச் செல்லுங்கள். கேள்விக்கு நேரே 'மிஸ்ஸிங்' என்ற கட்டத்தை கிளிக் செய்யுங்கள். 'டிஸ்கிரீட் மிஸ்ஸிங் வேல்யூஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து 9 என்று டைப் செய்து ஓ.கே. கொடுங்கள். மறுபடி ப்ரீக்வென்சீஸ் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு வேலிட் 108, மிஸ்ஸிங் 12, சராசரி 3.50 என்று வந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தத் தவறை பி.எஸ்.பி.பி. கண்டுபிடிக்கவில்லை. 9-ஐப் பற்றிச் சொல்லாதவரை அதுவும் 4.05 என்றுதான் காட்டியது. லட்ச ரூபாய் சாப்ட்வேரும் அதையேதான் காட்டும். கண்டுபிடித்தது அக்கா. தன் பைலைத் தன் வீட்டில் திறந்து, பக்கத்தில் கேள்வித்தாள் கட்டை வைத்துக்கொண்டு பார்க்க முடிந்ததால் கண்டுபிடித்தார். இலவச சாப்ட்வேர் கொடுத்தது அந்த வாய்ப்பைத்தான்.

'பேஸ்ட்' பட்டனை மறக்காதீர்கள்

பி.எஸ்.பி.பி.யின் டயலாக் பாக்ஸ்களில் ஓ.கே.யோடு 'பேஸ்ட்' என்றும் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால், நீங்கள் மவுஸால் செய்த வேலை கட்டளைகளாக இன்னொரு விண்டோவில் எழுதப்படும். அதை 'சின்டாக்ஸ்' என்பார்கள். அந்தப் பைலைச் சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து "இது எப்படி வந்தது?" என்று யார் கேட்டாலும், அதைத் திறந்து இயக்கினால் அதே எண் வரும்.

பெரிய அறிஞர்களுக்கும் இது பொருந்தும். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு புகழ்பெற்ற பொருளியல் பேராசிரியர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் கடன் உள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களிடமே எக்செல் பைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் கட்டளையில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் விவரங்கள் சேர்க்கப்படவில்லை. சராசரி எடுத்த முறையிலும் அவருக்குக் கேள்வி இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தியபோது 2.2 சதவீதம் என்று வந்ததாக, தன் பேராசிரியர்கள் இருவருடன் சேர்ந்து 2013-இல் வெளியிட்டார். பைல் கைக்கு வந்ததால்தான் ஒரு மாணவரால் அதைச் சரிபார்க்க முடிந்தது.

வேறு என்னென்ன உண்டு?

ஜமோவி: புதியவர்களுக்கு மிக எளிது. டேட்டாவில் ஓர் எண்ணை மாற்றினால் முடிவும் உடனே மாறும்.

ஜாஸ்ப்: நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. வழக்கமான சோதனைகளோடு பேயஸ் முறைச் சோதனைகளையும் மெனுவிலேயே தரும்.

கிரெட்டல்: பொருளியல் மாணவர்களுக்கு. விலைவாசி, உற்பத்தி என்று ஆண்டுவாரியாக வரும் புள்ளிவிவரங்களுக்கு ஏற்றது.

ஆர்: இவற்றில் பெரியண்ணன் இதுதான். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கியது. 1995-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பு வெளியானது. ஜமோவியின் உள்ளே கணக்குப் போடுவதும் ஆர்தான். மெனுவுக்குப் பதில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டும் என்பதால் முதலில் மிரட்டும். 'ஆர் ஸ்டூடியோ'வையும் சேர்த்து நிறுவினால் பயம் குறையும். 2022-இல் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-லும் யூனிகோடு முறையில் இயங்குவதால், தமிழ் எழுத்துகளைக் கையாள்வதும் எளிதாகிவிட்டது.

என் ஆலோசனை: எஸ்.ஏ.வி. பைல் கையில் இருந்தால் பி.எஸ்.பி.பி. புதிதாகத் தொடங்கினால் ஜமோவி. இந்தத் துறையிலேயே வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் ஆர்.

தொடங்கும் முன் நான்கு விஷயங்கள்

1. ஒவ்வொரு கேள்வித்தாளுக்கும் ஓர் எண் கொடுங்கள். அதே எண்ணை முதல் நெடுவரிசையில் போடுங்கள். எங்களால் அந்த 12 தாள்களைத் தேட முடிந்தது அதனால்தான்.

2. எக்செல்லில் டைப் செய்திருந்தால் சி.எஸ்.வி. பைலாகச் சேமித்து, பி.எஸ்.பி.பி.யின் 'பைல்' மெனுவில் 'இம்போர்ட் டேட்டா' வழியாகக் கொண்டு வாருங்கள்.

3. சராசரியைப் பார்க்கும் முன் மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் பாருங்கள். ஆசிரியரின் வயது 99 என்றோ, மதிப்பெண் 9 என்றோ வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

4. மூல பைலின் காப்பி ஒன்றை வேறு போல்டரில் வைத்துவிட்டு, இன்னொன்றில் வேலை செய்யுங்கள்.

அக்கா எல்லாக் கேள்விகளுக்கும் மிஸ்ஸிங் வேல்யூ கொடுத்து, நான்காம் அத்தியாயம் முழுவதையும் திரும்ப எழுதினார். 'மிக அதிகம்' என்ற முடிவு 'நடுத்தரம்' ஆனது. 12 பேர் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தரவில்லை என்பதையும் தனிப் பத்தியாகச் சேர்த்தார். கைடு மறுபடி, "3.50 எப்படி வந்தது?" என்று கேட்டபோது, லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினாராம்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இது நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். ஏதாவது ஒன்றை டவுன்லோட் செய்து, வீட்டு மின் கட்டணத்தையாவது பன்னிரண்டு மாதத்துக்கு டைப் செய்து சராசரி எடுத்துப் பாருங்கள். மினிமம், மேக்ஸிமம் பார்க்க மட்டும் மறக்காதீர்கள்.